மாமியாருக்குத் தெரிந்த முகம்

ஏப்ரல் 21

சின்னதுக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. செய்வதைச் செய்துவிட்டு பஸ் ஏறியவளுக்கு நலத்துக்கு என்ன குறைச்சல்?

போனில் திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறாய். எடுக்கவில்லை, இனியும் எடுக்க மாட்டேன். நீ பேச ஆரம்பித்தால் எனக்கு வாய் திறக்க வழி கிடைக்காது. கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

பித்தப்பையை எடுத்துவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த என்னைப் படுக்க வைத்து, மாத்திரைகளை வரிசையாக அடுக்கிவிட்டு, மறுநாள் விடியும்போதே கிளம்பிவிட்டாய். விடுதியில் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது என்றாய். நானும் நம்பினேன். நீ போனதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ஒரு ரொட்டித் துண்டோடு பால்கனிக் கதவைத் திறந்தேன். ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாளெல்லாம் அந்தக் கதவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாமியார் கம்பிமேல் உட்கார்ந்திருந்தது. அது யாரென்று உனக்குத் தெரியும். இடது இறக்கையில் ஒற்றை வெள்ளை இறகு, எதைப் போட்டாலும் புரட்டிப் பார்த்துக் குறை கண்டுபிடித்த பிறகே வாயில் வைக்கும். அந்தக் குணத்துக்காகத்தான் அந்தப் பெயர். ஒரு வருஷமாக என் கையிலிருந்து வாங்கித் தின்ற காக்கை, என் முகத்தைப் பார்த்ததும் கத்த ஆரம்பித்தது. எங்கிருந்தோ பத்துப் பதினைந்து வந்து சேர்ந்தன. மாமியார் நேராக என் நெற்றிக்கு வந்து கொத்தியது. ரத்தம் கண்ணில் வழிய நான் கதவை மூடிக்கொண்டு உட்கார்ந்து அழுதேன். வலிக்காக அழவில்லை.

என்ன ஆயிற்று என்று எனக்குப் புரியவே இல்லை. நேற்று மாடிப்படியில் நம் கட்டடத்துச் சங்கச் செயலாளர் சிரித்துக்கொண்டே நின்றார்.

"மேடம், நீங்களே காக்காக் கூட்டைத் தள்ளி விட்டுட்டீங்களே, ரொம்ப சந்தோஷம். நாங்க சொன்னா நீங்க எங்க கேக்கப்போறீங்கன்னு நெனச்சோம்."

"நானா?"

"கீழ நின்னு நானே பாத்தேனே. திரைச்சீலைக் கம்பிய வச்சு ஏசி பெட்டி மேலேருந்து ஒரே தள்ளு!"

பெற்ற அம்மாவையே கடைசிவரை குழப்பிய இரட்டை முகம் நம்முடையது. செயலாளர் எம்மாத்திரம், காக்கை எம்மாத்திரம்? கூட்டில் குஞ்சு இருந்ததாம். காவல்காரர் அள்ளிக்கொண்டு போய்ப் புதைத்தாராம்.

என் முகத்தோடு என் வீட்டில் ஒரு கொலை செய்துவிட்டுப் போயிருக்கிறாய். நான் உன்னைக் கூப்பிட்டது எனக்குத் துணையிருக்க. வீட்டுச் சாவியைத் தபாலில் அனுப்பு.

பெரிசு


ஏப்ரல் 25

பெரிசுக்கு,

ஆமாம், நான்தான் தள்ளினேன். ஒளித்து மறைத்துச் செய்யவில்லை, பட்டப்பகலில் செய்தேன். அதற்குக் கொலை என்று பெயர் வைத்திருக்கிறாய். விடுதியில் மூட்டைப்பூச்சிக்கு மருந்தடித்தாலும் இனி உன்னிடம் அனுமதி கேட்கிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து உனக்குத் துணி எடுக்க வந்த அன்று உன் வீடு இருந்த லட்சணம் தெரியுமா? பால்கனி முழுக்க எச்சம். கம்பியில் காய்ந்த முட்டை. வயிற்றில் ஓட்டை போட்டுத் தைத்தவளை அந்த நாற்றத்திலா கொண்டுவந்து படுக்க வைப்பது? சுத்தமாக இருக்க வேண்டும் என்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார், காக்கையிடம் சொல்லவில்லை. செயலாளர் வேறு வந்து கதவைத் தட்டித் தட்டிப் புகார் சொன்னார். ஒரு விடுதி நிறையப் பெண்களைக் கட்டி மேய்க்கிறவள் நான். ஒழுங்கு செய்வது என் பிழைப்பு. செய்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அத்தான் போனபோது நீ ஒரு சொட்டு அழவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாய். என் பெரிசு எவ்வளவு அழுத்தக்காரி என்று நினைத்துக்கொண்டேன். இப்போது ஒரு காக்கை கோபித்துக்கொண்டது என்று உட்கார்ந்து அழுதிருக்கிறாய்.

மயக்கம் தெளியும்போது நீ யாரைக் கூப்பிட்டாய் என்று உனக்கு ஞாபகம் இருக்காது. "மாமியார் சாப்பிட்டாச்சா? மாமியார் வந்தாங்களா?" நர்ஸ் என்னிடம் வந்து, "பாவம், இந்தக் காலத்துல மாமியார் மேல இவ்ளோ பாசமா? வெளிய இருந்தா உள்ள வரச் சொல்லுங்க" என்றார். உன் பக்கத்தில் நாற்காலியில் ராத்திரி பகலாக உட்கார்ந்திருந்தவள் நான். என் பேர் உன் வாயில் வரவில்லை.

சாவி தர மாட்டேன். நாளைக்கு நீ குளியலறையில் விழுந்து கிடந்தால் கதவைத் திறக்க ஆள் வேண்டும். உன் மாமியாரால் சாவி போட முடியாது.

கொத்தினால் ஹெல்மெட் போட்டுக்கொள்.

சின்னது


ஏப்ரல் 29

சின்னதுக்கு,

ஹெல்மெட் போட மாட்டேன்.

கண்ணாடிக் கடை முதலாளியும் இதைத்தான் சொல்கிறார். நெற்றியில் பிளாஸ்திரியோடு நான் மூக்குக்கண்ணாடி மாட்டிவிட்டால் வருகிறவர்கள் பயப்படுகிறார்களாம். "பெரிய கறுப்புக் கண்ணாடி ஒண்ணு எடுத்துக்கம்மா, பாதி மூஞ்சி மறஞ்சுடும், காக்காக்கும் அடையாளம் தெரியாது" என்று ஒரு பிரேமையே நீட்டினார். நல்ல மனுஷர். வேண்டாம் என்றுவிட்டேன்.

தினமும் எத்தனையோ முகங்களைத் தொட்டுப் பார்க்கிறவள் நான். ஒருவருக்கு ஒரு காது மேலே இருக்கும், ஒருவருக்கு மூக்குத்தண்டு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். எதற்காகவும் முகத்தை மறைத்துக்கொள்ளும்படி நான் யாரிடமும் சொன்னதில்லை. என் முகத்தை மறைத்துக்கொண்டு அதற்குச் சோறு போட்டால், அது வேறு யாரோ போட்ட சோறு. அப்புறம் நான் எதற்கு?

நான் ஏன் அழவில்லை என்று கேட்டிருக்கிறாய். அவர் போன பிறகு கும்பிடக் கையெடுத்தால் கை மேலே வரவில்லை. வந்தவர்கள் எல்லோரும் அவர் நல்ல இடத்துக்குப் போய்விட்டார் என்றார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. இந்த இடத்துக்கு என்ன குறை? அவர் நாற்காலி இருந்தது, செருப்பு இருந்தது, நான் இருந்தேன். யாரோடும் பேச்சில்லை. உன்னோடும் பேச்சில்லை, தெரியும்.

அப்படி ஒரு விடியற்காலையில்தான் அது வந்து கம்பியில் உட்கார்ந்தது. நான் ஒன்றும் போட்டிருக்கவில்லை, போட எழுந்திருக்கவும் தெம்பில்லை. அது தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் என்னைப் பார்த்தது. பிறகு திருப்பி மறு கண்ணால் பார்த்தது. கடையில் வருகிறவர்களுக்கு ஒவ்வொரு கண்ணாக மூடி நான் செய்கிற சோதனையை அன்றைக்கு எனக்கு யாரோ செய்த மாதிரி இருந்தது. பார்த்து முடித்துவிட்டுப் போய்விட்டது. மறுநாளும் வந்தது. மூன்றாவது நாள் நான் எழுந்து ரொட்டி பிய்த்து வைத்தேன். எழுந்ததும் அப்படியே குளித்துவிட்டேன்.

எதிர்வீட்டு அம்மா, "உங்க வீட்டுக்காரர்தாங்க வந்திருக்கார்" என்றார். சிரித்துவிட்டேன். உன் அத்தானுக்கு விடியற்காலை என்று ஒன்று இருப்பதே தெரியாது. அவர் காக்கையாகப் பிறந்திருந்தால் பத்து மணிக்குத்தான் கூட்டைவிட்டே இறங்கியிருப்பார்.

அது அவர் இல்லை. அம்மாவும் இல்லை. அது காக்கை, காட்டு ஜீவன். நான் வளர்க்கவில்லை, கட்டி வைக்கவில்லை. வராமல் இருந்தால் யாரும் அதை ஒன்றும் கேட்க முடியாது. இருந்தும் வந்தது. அது கம்பியில் வந்து உட்காரும் நேரத்தில் என் கை தானாகக் கூப்பிக்கொள்கிறது. அதற்கு மேல் எனக்கு ஒரு கோயில் வேண்டாம். பைத்தியம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்.

தினமும் காலையில் வெறும் முகத்தோடு போய் நிற்கிறேன். கொத்துகிறது. நின்றுவிட்டு வருகிறேன்.

பெரிசு


மே 4

பெரிசுக்கு,

உன் கடிதத்தை விடுதி அலுவலகத்தில் பிரித்தேன், மூடி வைத்தேன், அறைக்கு எடுத்துப் போய்ப் படித்தேன். இதையெல்லாம் என்னிடம் சொல்ல உனக்கு ஒரு குஞ்சு சாக வேண்டியிருந்தது.

வயிற்று வலி எத்தனை மாதமாக இருந்தது உனக்கு? அதை யாரிடம் சொன்னாய்? எதிர்வீட்டு அம்மா என்னிடம் சொன்னார்: "உங்கக்கா அந்தக் காக்காகிட்டதான் சொல்லுவாங்க, 'இன்னிக்கு வலி ஜாஸ்தி மாமியார்'னு. நான் காதால கேட்டேன்." நான் மூன்று மணி நேரப் பஸ் தூரத்தில் உயிரோடு இருக்கிறேன். எனக்கும் இரண்டு கண் இருக்கிறது. நானும் தலையைச் சாய்த்துப் பார்ப்பேன். நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஏறிய பிறகுதான் எனக்குப் போன் வந்தது.

அன்றைக்குத் திரைச்சீலைக் கம்பியை எடுத்தபோது எச்சம் மட்டுமா என் கண்ணில் பட்டது? உன் வீட்டில் எனக்கு இல்லாத இடம் அதற்கு இருக்கிறது என்றுதான் பட்டது. இப்போது திருப்திதானே? எழுதிவிட்டேன்.

குஞ்சு இருந்தது எனக்குத் தெரியாது. கூடு சரியும்போதுதான் வாயைத் திறந்தது. உள்ளே சிவப்பாக இருந்தது. அம்மா வந்துவிட்டாள் என்று நினைத்துத் திறந்திருக்கும் போல. சாப்பிட உட்கார்ந்தால் அதுதான் தெரிகிறது, போதுமா? ஆனால் உன்னிடம் திட்டு வாங்கிக்கொண்டு அதற்காக நான் அழ முடியாது. அழுதால் தனியாக அழுவேன்.

அந்த வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே வா. மாடியில் எனக்குப் பக்கத்து அறை காலியாக இருக்கிறது. காற்று வரும். உன்னைக் கொத்த யாரும் இல்லை, என்னைத் தவிர.

சின்னது


மே 9

சின்னதுக்கு,

வர மாட்டேன். பூட்டிவிட்டு வந்தால், கூட்டைக் கலைத்தவள் பயந்து ஓடிவிட்டாள் என்றுதானே அது நினைக்கும்? அந்தப் பழியோடு என்னால் உன் காற்று வரும் அறையில் தூங்க முடியாது.

சங்கத்தில் தீர்மானம் போட்டுவிட்டார்கள். எல்லாப் பால்கனிக்கும் பறவை நுழையாதபடி வலை கட்டப்போகிறார்களாம். என் வீடு என் பெயரில் இருக்கிறது, என் பால்கனிக்கு வேண்டாம் என்றேன். "ஒருத்தருக்காகப் பாக்க முடியுமா மேடம்? நீங்களே கொத்து வாங்கிட்டு நிக்கிறீங்க, உங்க நல்லதுக்குத்தான்" என்கிறார் செயலாளர். ஜூன் மாதம் ஆள் வருவார்களாம். அதற்குள் மாமியார் என்னிடம் வராவிட்டால் அப்புறம் வர வழியே இருக்காது. இதுதான் இப்போது என் கவலை, வேறொன்றும் இல்லை.

நீ எழுதியதைப் படித்தேன். வலியை உன்னிடம் சொன்னால் நீ உடனே பஸ் ஏறி வந்து, அலமாரியை ஒழுங்கு செய்து, டாக்டரைத் திட்டி, என்னையும் திட்டுவாய். காக்கை கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தது.

உனக்குத் துணிச்சல் இருந்தால் நீயே வந்து நில். உன் முகம்தானே செய்தது, உன் முகமே வந்து வாங்கிக்கொள்ளட்டும்.

பெரிசு


மே 13

பெரிசுக்கு,

வர முடியாது. விடுமுறைக்குப் பெண்கள் ஊருக்குப் போய்விட்டார்கள், விடுதிக்கு வெள்ளையடிக்கிறார்கள். நான் பக்கத்தில் நிற்காவிட்டால் பாதிச் சுவரை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு பறவையிடம் போய்த் தலையைக் கொடுக்கிற அளவுக்கு எனக்கு மூளை குழம்பவில்லை.

அது காலையில் மட்டும்தான் வருமா, மத்தியானமும் வருமா? ரொட்டிதான் தின்னுமா? சும்மாதான் கேட்கிறேன்.

சின்னது


மே 17

சின்னதுக்கு,

சும்மா கேட்டவளுக்குச் சும்மா பதில். மத்தியானமும் வரும், நான் கடையில் இருப்பதால் வெறும் கம்பியைப் பார்த்துவிட்டுப் போகும். ரொட்டியைவிட அவித்த முட்டையின் மஞ்சள் கரு என்றால் உயிர். கையை நீட்டினால் அசைக்கக் கூடாது. கண்ணைப் பார்க்கலாம், முறைக்கக் கூடாது. முறைக்காமல் பார்க்க உனக்குத் தெரியாது, அது வேறு விஷயம்.

நேற்றும் கொத்தியது.

பெரிசு


மே 25

சின்னதுக்கு,

கொத்தவில்லை! கத்தவும் இல்லை. இன்று காலை கம்பியின் அந்தக் கோடியில் வந்து உட்கார்ந்தது. நான் வைத்த மஞ்சள் கருவைப் புரட்டிப் பார்த்தது. குறை கண்டுபிடித்தது. தின்றது.

ஓடி ஒளியாமல் தினமும் போய் நின்றேனே, அதன் பலன். என்னவெல்லாம் சொன்னாய்! பார்த்தாயா, என் பிடிவாதம் ஜெயித்துவிட்டது. கைக்கு இன்னும் வரவில்லை, அதுவும் வரும்.

பெரிசு


மே 30

சின்னதுக்கு,

இன்று மத்தியானம் கடைத்தெருவில் மின்சாரம் போய்விட்டது. லென்ஸ் தீட்டும் இயந்திரம் நின்றுவிட்டதால் முதலாளி எங்களை வீட்டுக்குப் போகச் சொன்னார். தெருமுனை மருந்துக்கடை அருகே வந்ததும் வழக்கம்போல் அண்ணாந்து என் பால்கனியைப் பார்த்தேன்.

அங்கே நான் நின்றுகொண்டிருந்தேன்.

ஒரு நிமிஷம் எனக்குத் தலை சுற்றிவிட்டது, பொய் சொல்லவில்லை. பிறகுதான் உன் விடுதிச் சாம்பல் நிற உடுப்பு கண்ணில் பட்டது. நெற்றியில் பிளாஸ்திரி. புறங்கையில் ஒன்று, காதோரம் ஒன்று. எனக்குக்கூட இத்தனை இல்லை. கையை நீட்டிக்கொண்டு அசையாமல் நின்றாய். சின்ன வயதில் புகைப்படம் எடுக்கும்போதுகூட ஆடாமல் நிற்காத நீ. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. மாமியார் கம்பியில் நகர்ந்து நகர்ந்து வந்து, உன் கையிலிருந்து எடுத்துக்கொண்டு பறந்தது.

எனக்கு வயிறு எரிந்தது. ஒரு மாதத்துக்கு மேலாக நிற்கிற எனக்குக் கம்பியின் கோடி வரைக்கும்தான். உனக்குக் கைக்கே வந்துவிட்டது. மேலே வந்து உன்னைப் பிடித்து உலுக்கத்தான் நினைத்தேன். ஆனால் போகவில்லை. மருந்துக்கடையில் தலைவலி மாத்திரை வாங்குகிற மாதிரி நின்றேன். நீ கதவைப் பூட்டிக்கொண்டு இறங்கி, பஸ் நிறுத்தத்துக்கு நடந்து போகும்வரை நின்றேன். செயலாளர் உனக்கு வணக்கம் வைத்தார். நீ நானாகவே பதில் வணக்கம் வைத்தாய்.

என் பிடிவாதம் ஜெயித்தது என்று எழுதியதைப் படித்துச் சிரித்தாயா? மறுபடியும் என் முகத்தோடு என் வீட்டுக்குள் புகுந்திருக்கிறாய். யாரைக் கேட்டு?

பெரிசு


ஜூன் 3

அக்கா,

சிரிக்கவில்லை.

நீ நில் என்றாய். நின்றேன். நீ பார்க்கும்போது நிற்கச் சொல்லி எழுதவில்லையே. விடியற்காலை பஸ்ஸில் வருவேன். நீ கடைக்குக் கிளம்பும்வரை பக்கத்துத் தெருவில் காத்திருந்துவிட்டு ஏறுவேன். வெள்ளையடிக்கிறவர்கள் நான் சொன்னபடியே பாதிச் சுவரை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

முதல் நாள் கதவைத் திறந்ததும் அது என்மேல் விழுந்த வேகத்தில் உள்ளே ஓடிவந்து உன் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். உன் அடுப்புக்குப் பின்னால் எவ்வளவு அழுக்கு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. துடைக்கவில்லை, துடைத்தால் கண்டுபிடித்துவிடுவாய். மறுநாள் ஓடவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. செய்தது நான், பெரிசை எதற்குக் கொத்துகிறாய் என்று. வாய்விட்டே சொன்னேன்: "நான்தான் தள்ளினேன். அவ இல்ல. அவ அன்னிக்கு ஆஸ்பத்திரில கெடந்தா. நல்லா பாத்துக்க, இந்த மூஞ்சிதான்." தினமும் அதையே சொன்னேன். கொத்தக் கொத்தச் சொன்னேன். அழுகை வந்தபோதும் நிறுத்தவில்லை. குஞ்சின் வாயைப் பற்றியும் சொன்னேன். அதற்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது?

அதற்குப் புரிந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் மூன்று வேளையும் கடவுள் படத்துக்கு முன்னால் நின்று ஒப்பிக்கிறவள். அங்கே ஒரு நாளும் நான் இப்படி வாய்விட்டு எதையும் ஒப்புக்கொண்டதில்லை. நீ எழுதினாயே, அது வராமல் இருந்திருக்கலாம், இருந்தும் வந்தது என்று. அது என் கைக்கு வந்த அன்றைக்கு, நீ எழுதியது பைத்தியம் இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கத்தான் இதை எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. கேட்க வேண்டிய இடத்தில் கேட்டுவிட்டேன்.

சின்னது


ஜூன் 6

சின்னதுக்கு,

இன்று காலை என் கைக்கு வந்தது. விரலில் அதன் மூக்கு பட்டது. என்னிடம் திரும்பி வந்ததா, உன்னை மன்னித்து வந்ததா என்று நானும் யோசித்துப் பார்த்தேன். பிரிக்க முடியவில்லை. பிரிக்கப்போவதும் இல்லை.

அழுதேன். அவருக்காகவும் சேர்த்து அழுதேன். முடித்ததும் உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன், காக்கைக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வலை கட்ட ஆள் வருகிறார்கள். செயலாளர் கதவில் காகிதம் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். அன்றைக்கு எனக்குக் கடை இல்லை. விடியற்காலை பஸ்ஸைப் பிடித்து வா. பக்கத்துத் தெருவில் நிற்காதே, நேரே மேலே வா. பால்கனியில் நாம் இரண்டு பேரும் நிற்போம். அந்த மனுஷர் கீழே நின்று அண்ணாந்து பார்க்கட்டும். எந்த முகத்தைத் தாண்டி வலையைக் கட்டுகிறார்கள் என்று பார்த்துவிடலாம்.

அக்கா